பத்து லட்சம் மணி நேர ஆயுள்!

கணிப்பொறியில் நாம் சேர்த்து வைக்கும் கணக்கு, கடிதம், ஆய்வேடு, குடும்பப் புகைப்படம் ஆகியவை நெடுங்காலமாக ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டில் தங்கி வந்துள்ளன. சுழலும் பாகம் எதுவுமில்லாத சில்லுச் சேமிப்பகங்கள் இன்று பரவிவிட்டன என்றாலும், பெருமளவில் சேர்த்து வைப்பதற்கு வன்தட்டே இப்போதும் பயன்படுகிறது. அதைச் செய்து விற்கும் நிறுவனங்கள் ஒவ்வொரு வகைத் தட்டுக்கும் ஒரு விவரத்தாள் வெளியிடுவது வழக்கம். கொள்ளளவு, வேகம், எடை ஆகியவற்றோடு இன்னோர் எண்ணும் அத்தகைய தாள்களில் காணப்படும்: பழுதாகும் வரையிலான சராசரிக் காலம் 10,00,000 மணி. ஓர் ஆண்டுக்கு 8,760 மணி. வகுத்துப் பார்த்தால் 114 ஆண்டுகள் வருகின்றன. நம் கொள்ளுப்பேரன் காலம் வரை உழைக்கும் பொருளுக்குக் காப்புநகல் எதற்கு என்று ஒருவர் கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இந்த எண்ணை உரைத்துப் பார்த்த இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் 2007 பிப்ரவரியில் அமெரிக்காவில் நடந்த ஒரே மாநாட்டில் வெளியாயின. ஒன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியாங்கா ஷ்ரோடர், கார்த் கிப்சன் ஆகிய இருவர் எழுதியது. மற்றொன்று கூகுள் நிறுவனத்தின் பின்ஹெய்ரோ, வெபர், பரோசோ ஆகிய மூவர் எழுதியது. ஆண்டுகள் பல கடந்தும் வன்தட்டைப் பற்றிய பேச்சில் இவை மேற்கோள் காட்டப்படுகின்றன. ஆனால், சரியான இடத்தில் காட்டப்படுவதில்லை என்பது என் எண்ணம்.

முதலில் அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். எந்த நிறுவனமும் 114 ஆண்டுகள் காத்திருந்து அளக்கவில்லை, ஐ.பி.எம். நிறுவனத்தின் முதல் வன்தட்டே 1956-ல்தான் வெளிவந்தது. ஆயிரம் தட்டுகளை ஆயிரம் மணி நேரம், அதாவது சுமார் ஆறு வாரம், ஓடவிடுகிறோம் என்று கொள்வோம். மொத்தம் பத்து லட்சம் தட்டு-மணிகள். அவற்றுள் ஒரே ஒரு தட்டு பழுதானால் சராசரி பத்து லட்சம் மணி! இதே முறையில் கல்லூரி மாணவர்களின் ஆயுளையும் கணக்கிடலாம். ஆயிரம் மாணவர்களில் ஓராண்டில் ஒருவர் இறக்கிறார் என்று கொண்டால், மாணவரின் சராசரி ஆயுள் 1,000 ஆண்டுகள். வகுத்தலில் பிழையில்லை. மாணவர்க்கு முதுமையே வராது என்று சொல்லாமல் கொண்ட கருதுகோளில்தான் பிழை.

கதிரியக்கத்தில் இந்தக் கருதுகோள் முற்றிலும் பொருந்தும். ஒரு ரேடான் அணு உண்டாகி ஒரு நொடி ஆகியிருந்தாலும் பத்து நாள் ஆகியிருந்தாலும், அடுத்த நொடியில் அது சிதைவதற்கான நிகழ்தகவு ஒன்றே. அணுவுக்கு மூப்பு இல்லை. வன்தட்டோ ஓர் இயந்திரம். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டின் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 35 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நெடுஞ்சாலையில் விரையும் காரின் வேகம் அது. அந்தத் தட்டுக்குச் சில நானோமீட்டர் உயரத்தில் படிக்கும் தலை மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிப்பு பல்லாயிரம் நானோமீட்டர் என்பதை நினைவில் கொண்டால் இந்த இடைவெளியின் நுண்மை புலப்படும். இப்படி ஓடும் பொருள் தேயாமல் இருக்குமா?

ஷ்ரோடரும் கிப்சனும் ஆய்வுக்கூடத்தை விட்டுக் களத்துக்குச் சென்றார்கள். பெருங்கணிப்பொறி நிலையங்களிலும் இணையச் சேவை நிலையங்களிலும் ஓடிய சுமார் ஒரு லட்சம் தட்டுகளின் மாற்றுப் பதிவேடுகளைத் திரட்டினார்கள். விவரத்தாளின்படி ஆண்டுக்கு அதிகம் போனால் 0.88 விழுக்காடு தட்டுகளே பழுதாக வேண்டும். களத்திலோ 2 முதல் 4 விழுக்காடு என்பது சாதாரணம். சில இடங்களில் 13 விழுக்காடு வரை கழற்றி மாற்றப்பட்டிருந்தன. மூப்பும் வெளிப்பட்டது. முதலாண்டில் தப்பித்த தட்டு பிறகு பல ஆண்டுகள் நிலையாக ஓடும் என்ற நம்பிக்கைக்கு மாறாக, மாற்ற வேண்டிய தட்டுகளின் வீதம் ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே சென்றது.

இவற்றினும் முக்கியமானது, பழுதுகள் கூட்டமாக வருகின்றன என்ற முடிவு. ஒரே நிலையத்தில் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு தட்டுகள் பழுதாகும் வாய்ப்பு, கதிரியக்கம் போன்ற சிதைவு விதி தரும் மதிப்பைப்போல் நான்கு மடங்காக இருந்தது. இங்கே ஒரு செய்தி சொல்ல வேண்டும். பல தட்டுகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் மற்றவற்றைக் கொண்டு தகவலைக் காக்கும் ‘ரெய்டு’ என்ற ஏற்பாட்டை விளக்கிய 1988-ஆம் ஆண்டுக் கட்டுரையின் மூன்று ஆசிரியர்களுள் கிப்சனும் ஒருவர். தட்டுகள் ஒன்றையொன்று சாராமல், மாறாத வீதத்தில் பழுதாகும் என்பதே அன்றைய கணக்கின் அடிப்படை. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த அடிப்படையையே அவர் சோதித்து, அது நிற்கவில்லை என்று எழுதினார். இந்த நேர்மையை மாணவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

இம்முடிவு வீட்டுக் காப்புநகலுக்கும் பொருந்தும். ஆண்டுக்கு 3 விழுக்காடு பழுதாகும் தட்டுகள் இரண்டில் ஒரே தகவலை எழுதி வைத்தால், ஓராண்டில் இரண்டும் பழுதாகும் நிகழ்தகவு 0.03-ஐ 0.03-ஆல் பெருக்க வரும் 0.0009. பத்தாயிரத்தில் ஒன்பது, நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால்தான் இந்தப் பெருக்கல் செல்லும். ஒரே நாளில் வாங்கிய, ஒரே மேசையில் ஒரே மின் இணைப்பில் இருக்கும் இரு தட்டுகளுக்கு அது செல்லாது. இடி, வெள்ளம், திருடன் ஆகிய மூவருக்கும் பெருக்கல் விதி தெரியாது! இரண்டாவது நகல் வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும் என்று சொல்வதன் பொருள் இதுவே.

கூகுள் கட்டுரை வேறு கேள்வியை எடுத்துக்கொள்கிறது: தட்டு பழுதாகப் போவதை முன்கூட்டியே அறிய முடியுமா? தன்னைத்தானே கண்காணித்துக் குறிப்பெழுதும் ‘ஸ்மார்ட்’ என்ற ஏற்பாடு தட்டுகளுக்குள் உண்டு. பரப்பைத் துழாவும்போது முதல் பிழை தோன்றிய தட்டு, பிழையற்ற தட்டைக் காட்டிலும் அடுத்த 60 நாட்களில் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு என்று அவர்கள் கண்டார்கள். பலரும் எடுத்துக் காட்டுவது இந்த 39-ஐத்தான். நான் காட்ட விரும்புவது அதே கட்டுரையின் இன்னோர் எண்ணை: பழுதான தட்டுகளில் 56 விழுக்காட்டில், முக்கியமான நான்கு எச்சரிக்கைக் குறிகளுள் ஒன்றுகூடப் பதிவாகியிருக்கவில்லை. எச்சரிக்கை வந்தால் தட்டை உடனே மாற்றிவிட வேண்டும் என்பது உண்மை. வராததைக் கண்டு மகிழ்வதற்குத்தான் ஒன்றுமில்லை.

வெப்பநிலையைப் பற்றிய முடிவும் இப்படியே திரிக்கப்பட்டது. ‘சூடு தட்டைக் கெடுக்காது என்று கூகுள் நிரூபித்துவிட்டது’ என்று எழுதினார்கள். கட்டுரை அப்படிச் சொல்லவில்லை. அளவான வெப்பத்தில் தொடர்பு தெரியவில்லை என்றும், மிக அதிக வெப்பத்திலும் மூன்றாண்டு ஆன தட்டுகளிலும் பழுது கூடுகிறது என்றும்தான் சொல்கிறது. தவிர, அவை நிருவகிக்கப்பட்ட கூடங்களில் ஓடியவை. தூசியும், நின்று நின்று வரும் மின்சாரமும் உள்ள அறைக்கு இந்த வரைபடத்தை அப்படியே நீட்டுவது இயற்பியல் ஆகாது.

கூகுள் கட்டுரையின் பெருங்குறை வேறு. எந்த நிறுவனத்தின் எந்த வகைத் தட்டு எவ்வளவு பழுதானது என்ற பட்டியலை அவர்கள் வெளியிடவில்லை. வணிக இரகசியமாம்! வாங்குவோருக்கு வேண்டிய எண் அதுதானே? பேக்பிளேஸ் என்ற அமெரிக்கச் சேமிப்பு நிறுவனம் 2013 முதல் வகைவாரியாகப் பழுது வீதத்தை வெளியிட்டு இந்தக் குறையை ஓரளவு தீர்த்துள்ளது. கார்னகி மெலன் கட்டுரையிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. கழற்றி மாற்றப்பட்டதெல்லாம் பழுது என்று அது கொள்கிறது. திரும்பி வந்த தட்டுகளில் 43 விழுக்காடு நன்றாகவே இருந்ததாக ஒரு நிறுவனம் கூறியதை ஆசிரியர்களே மறைக்காமல் எடுத்தெழுதுகிறார்கள். அந்த அளவுக்குக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் 4 விழுக்காடு 2.3 ஆகுமே தவிர 0.88 ஆகாது.

இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. தட்டுகள் எத்தனை மாற்றப்பட்டன என்று எண்ணியவர்கள், மாற்றிய பிறகு தகவல் திரும்பி வந்ததா என்று எண்ணவில்லை. புதிய தட்டு கடையில் கிடைக்கும்; பழைய எழுத்து கிடைக்காது. மீட்பு என்பது தானாக நடப்பதன்று. நகலை வெற்றுத் தட்டில் எழுதி, கோப்புகளைத் திறந்து பார்த்தால்தான் அது நகல் என்றே தெரியவரும். மூலம், நகல் இரண்டின் பிட்டுகளையும் ஒரே விதிப்படி சுருக்கி வரும் சரிபார்ப்பு எண்களை ஒப்பிடும் வழியும் உண்டு. ஆயிரக்கணக்கான கோப்புகள் இருந்தால் அதுவே எளிது.

இந்த எண்ணிக்கை விடுபட்டதன் விளைவைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். மென்பொருள் எழுதுவோர் தம் பணியைச் சேர்த்து வைக்கும் கிட்லேப் என்ற சேவையில், 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறான கணிப்பொறியில் அழிக்கும் கட்டளையை இட்டுவிட்டார். அவர் நிறுத்துவதற்குள் சுமார் 300 கிகாபைட் தகவலில் எஞ்சியது 4.5 கிகாபைட். தட்டு எதுவும் பழுதாகவில்லை. ஆகவே எந்தப் பழுதுக் கணக்கிலும் இது ஏறாது. நகலெடுக்கவும் பிரதி வைக்கவும் ஐந்து வழிகள் இருந்தன என்று நம்பியிருந்தார்கள். ஒன்றும் கைகொடுக்கவில்லை. அன்றாட நகலை எடுக்கும் நிரலின் பதிப்பு பொருந்தாததால் நகல் எடுக்கப்படவே இல்லை. அதைத் தெரிவிக்க வேண்டிய எச்சரிக்கை மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரம் முன்பு அதே பொறியாளர் வேறொரு வேலைக்காகத் தற்செயலாக எடுத்து வைத்திருந்த படியிலிருந்தே மீட்டார்கள். இடைப்பட்ட ஆறு மணி நேரத்துத் தகவல் போனது போனதுதான். நடந்தவற்றை அந்நிறுவனமே விரிவாக எழுதி வெளியிட்டிருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் இரு கட்டுரைகளையும் படிப்பவர்கள், மூன்றாவதாக அந்த அறிக்கையையும் சேர்த்துப் படிப்பது நல்லது.