பழைய கணினியும் புதிய கலையும்

விலையைக் கேளாமல் கலையை விமர்சிப்பது நம்மிடையே ஊறிப்போன வழக்கம். நாவலொன்றின் கருவையும் உருவையும் நுணுகி ஆராய்கிறோம். அது எத்தனை பேருடைய கைக்கு எட்டும் என்று கேட்பதில்லை. அச்சுப் புத்தகத்தைப் பொறுத்தவரை இதனால் பெரும் பாதகம் விளைவதில்லை. ஒரு பிரதி பத்துப் பேரிடம் கைமாறும். வாசிகசாலையில் நூறு பேர் படிப்பர். கணினி விளையாட்டு என்னும் கலை வடிவத்துக்கு இவ்வழக்கம் பொருந்தாது. தன்னை நுகர வருபவன் இன்ன பொறியை உடையவனாக இருத்தல் வேண்டும் என்று முன்கூட்டியே விதித்துவிட்டுத்தான் அது அரங்கேறுகிறது. ஒவ்வொரு விளையாட்டுடனும் வெளியிடப்படும் ‘குறைந்தபட்சத் தேவைகள்’ என்னும் அட்டவணையே அவ்விதி. அதனை வெறும் தொழில்நுட்பக் குறிப்பென ஒதுக்கிவிடாது, படைப்பின் ஓர் உறுப்பாகவே வாசிக்க வேண்டும் என்பது எமது கருத்து.

கணினி விளையாட்டும் கலையா என்று ஆசிரிய நண்பர்கள் முகஞ்சுழிக்கலாம். சினிமாவைப் பார்த்தும் ஒரு காலத்தில் கற்றோர் இவ்வாறே முகஞ்சுழித்தனர். கதை, சித்திரம், இசை ஆகிய மூன்றையும் தன்னுள் கொண்டு, இளந்தலைமுறையின் ஓய்வு நேரத்தை ஆட்கொண்டிருக்கும் ஒரு வடிவத்தை விமர்சகன் கண்டும் காணாததுபோல் கடந்துசெல்வது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும்.

இவ்விடயத்தை யாழ்ப்பாணத் தீவகத்திலிருந்து நோக்குவோம். ஊர்காவற்றுறைக்குத் தரைவழிப் பாதை உண்டு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவான் துறையிலிருந்து படகேற வேண்டும். இத்தகைய ஊரில் ஒரு மாணவனுக்கு மேசைக் கணினி வாய்க்குமாயின், அது பெரும்பாலும் அலுவலகம் ஒன்றில் உழைத்துக் கழிக்கப்பட்டு, இரண்டாங் கையாக விற்கப்பட்ட பெட்டியாகவே இருக்கும். எடுத்துக்காட்டாக, 2012இல் வெளிவந்த டெல் ஒப்ரிபிளெக்ஸ் 7010 என்னும் மாதிரியைக் கொள்வோம். கணக்கெழுதவும் கடிதமடிக்கவும் செய்யப்பட்ட இப்பொறியைக் கொண்டு இன்றைய விளையாட்டுகளை ஆட இயலுமா?

ஓரளவுக்கு இயலும். சுழலும் வன்தட்டை அகற்றி எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலைத் தட்டைப் பூட்டினால், உறங்கிக் கிடந்த பொறி விழித்தெழும். இதுவே செலவு குறைந்ததும் பயன் மிகுந்ததுமான மாற்றம். அடுத்தது றாம் எனப்படும் நினைவகம். ஒற்றைத் துண்டாக இருப்பதைச் சோடியாக்கி எட்டு அல்லது பதினாறு கிகாபைட்டாக உயர்த்தலாம். மூன்றாவது கிராபிக்ஸ் காட். தடை இங்கேதான் தொடங்குகிறது. இம்மாதிரியின் சிறிய பெட்டியில் உள்ள மின்வழங்கி 240 வாற்று மாத்திரமே தரவல்லது. தனி மின்கம்பி வேண்டாது, தாய்ப்பலகையின் செருகுவாயிலிருந்தே 75 வாற்று பெற்று இயங்கும் காட் மட்டுமே இதற்கு உகந்தது. 2019இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1650 வகையில் குட்டையாகச் செய்யப்பட்டவை இதற்குள் அடங்கும். அதனைப் பொருத்திக் காட்சித் தரத்தைச் சற்றுத் தாழ்த்தினால், கடந்த பத்தாண்டின் விளையாட்டுகள் பலவற்றை மாணவன் ஆடி மகிழலாம்.

இந்த எல்லைக்கு அப்பால் நிலைமை வேறு. 2024 டிசம்பரில் வெளிவந்த ‘இந்தியானா ஜோன்ஸ் அன்ட் த கிரேட் சேர்க்கிள்’ என்னும் விளையாட்டின் அட்டவணையைப் பாருங்கள். பதினாறு கிகாபைட் நினைவகம்; இன்ரெல் நிறுவனத்தின் பத்தாந் தலைமுறைச் செயலி; ஆர்டிஎக்ஸ் 2060 சுப்பர் காட். இந்தக் காட் ஒன்றே 175 வாற்று மின்சாரத்தை உண்பது. அதனை வாங்கினால் மின்வழங்கியை மாற்ற வேண்டும்; மின்வழங்கியை மாற்றினால் பெட்டியை மாற்ற வேண்டும்; செயலியை மாற்றினால் தாய்ப்பலகையை மாற்ற வேண்டும்; அதனை மாற்றினால் பழைய நினைவகம் புதிய பலகையிற் பொருந்தாது. ‘மேம்படுத்தல்’ என்று தொடங்கியது, பழையதில் ஒரு திருகாணியும் மிஞ்சாத புதுக் கொள்வனவாக முடிகிறது.

இந்நிலைக்குக் காரணம் யாது? ஒளிக்கதிர் ஒவ்வொன்றின் போக்கையும் கணித்துக் காட்சியை வரையும் ரே ட்ரேசிங் முறையை இவ்விளையாட்டு கட்டாயமாக்கியுள்ளது. முன்னைய முறையில் விளக்கொளியும் நிழலும் எங்கே விழ வேண்டுமெனக் கலைஞர் முன்கூட்டியே அமைத்துத் தந்தனர். அவ்வுழைப்பிற் பெரும்பகுதியை இப்பொழுது ஆடுவோன் வீட்டுப் பொறியே அக்கணத்திற் செய்கிறது. உற்பத்தியாளனுக்கு உழைப்புநேரம் மிச்சம். அச்செலவு வாங்குவோனது சட்டைப்பைக்கு மாற்றப்படுகிறது. ஒளியின் அழகை நாம் மறுக்கவில்லை. அதற்கு விலை கொடுப்பவர் யாரென்றே கேட்கிறோம்.

அவ்விலை பொறியோடு முடிவதுமில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியன நாட்டின் பிரதான மின்வலையோடு இணையாது, டீசல் மின்பிறப்பாக்கிகளின் துணையுடனேயே நெடுங்காலம் ஒளிபெற்றவை. இம்மூன்று தீவுகளுக்கும் காற்று, சூரிய சக்திகளால் மின்னூட்டும் திட்டத்துக்கான ஒப்பந்தம் 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையுடன் கைச்சாத்தானது. அதில் மூன்று தீவுகளுக்குமாகக் குறிக்கப்பட்ட காற்றுமின் அளவு 530 கிலோவாற்று. ஒரு காட்டுக்கு 175 வாற்று வேண்டுமென எழுதும் கை, இத்தகைய ஊர்களை நினைத்து எழுதியதன்று.

பொறி பழையதாவது எப்போதும் தேய்மானத்தால் மாத்திரமன்று. ஆணையாலும் அது பழையதாக்கப்படுகிறது. 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் மைக்ரோசொஃப்ற் நிறுவனம் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை நிறுத்தியது. மேற்கூறிய 2012ஆம் ஆண்டுப் பொறியை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. எவ்விதப் பழுதுமின்றி இயங்கினாலும் ஏற்பதில்லை. அதே ஆண்டு டிசம்பரில் மைக்ரோன் நிறுவனம், செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்களின் தேவையைக் காரணங்காட்டி, பொதுமக்களுக்கு நினைவகம் விற்ற தனது குரூஷல் வணிகத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. சில்லு எங்கே இலாபம் மிகுமோ அங்கே செல்கிறது. மாணவனுக்கு எஞ்சுவது விலையேற்றம். ஒருபுறம் பொறி கிட்டாதார். மறுபுறம் பொறிக் குப்பை. 2022இல் மாத்திரம் உலகிற் சேர்ந்த மின்னணுக் கழிவு 620 இலட்சம் தொன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதமே என்றும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறும்.

பொறியின் பளு உயர்ந்தால்தான் கலையும் உயருமோ? ‘வெண்பா’ என்னும் விளையாட்டு இதற்கு விடை தரும். ரொறன்ரோவிலுள்ள விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட இப்படைப்பு, 1988இல் தமிழ்நாட்டிலிருந்து கனடாவிற் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை. தாய் வெண்பாவிடம் இருப்பது சிதைந்துபோன ஒரு சமையற் குறிப்பேடு. அழிந்த வரிகளை ஊகித்து இட்டலியும் புட்டும் ஆக்குவதே ஆடுவோன் பணி. மொழியும் நினைவும் ஒரு தலைமுறையில் உதிர்வதை, அழிந்த எழுத்தொன்றை நம்மையே நிரப்பச் செய்து உணர்த்துகிறது இப்படைப்பு. இங்கே வடிவமும் பொருளும் ஒன்றாகின்றன. ஆண்டுகளைத் தாவித்தாவிச் செல்வதால் தந்தை பாவலனின் பாத்திரம் மெலிந்துபோனமை ஒரு குறையே. எனினும் 2024இல் பிரித்தானிய பஃப்டா அமைப்பின் முதற்படைப்புக்கான விருது இதற்குக் கிடைத்தமை பொருத்தமே. இருபரிமாணச் சித்திரங்களால் ஆன இது, கனத்த காட் எதனையும் கோருவதில்லை. உறவினரைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டு இருக்கும் தீவகத்து வீட்டில், பழைய பெட்டியிலேயே இதனை ஆடலாம்.

ஆயினும் இதனைக்கொண்டு வறுமைக்குப் புகழ்பாடுவது தவறு. ‘எளியோர்க்கு எளிய கலை போதும்’ என்பது ஆதிக்கத்தின் குரல். நெடுந்தீவு மாணவனுக்கும் கனத்த படைப்பைக் காணும் உரிமை உண்டு. வீட்டுக்கொரு பொறியாக அவ்வுரிமையை வாங்க முயல்வது முடிவற்ற செலவு. பத்திரிகையை வீட்டுக்கு வீடு வாங்க இயலாத காலத்தில், நம் முன்னோர் அதனைச் சனசமூக நிலையத்தில் விரித்து வைத்தனர். நல்ல பொறி ஒன்றை அங்கே நிறுவுவதும், வீட்டுப் பெட்டிகளுக்குத் தட்டையும் நினைவகத்தையும் மாற்றிக்கொள்ள மாணவருக்குக் கற்றுக்கொடுப்பதும் இன்று செய்யக்கூடிய பணிகள். கைவிடப்பட்ட பெட்டிகளில் லினக்ஸை நிறுவலாம்; 2018 முதல் வால்வ் நிறுவனம் தரும் புரோட்டன் மென்பொருளின் துணையால் விண்டோஸ் விளையாட்டுகள் பல அதிலும் இயங்குகின்றன.

ஒரு தடை எஞ்சுகிறது. நாம் வாங்குவது விளையாட்டை அன்று, அதனை ஆடும் அனுமதியை மாத்திரமே என்பதை ஸ்ரீம் விற்பனைத்தளம் 2024 ஒக்ரோபர் முதல் வெளிப்படையாகவே அறிவித்துவருகிறது. புத்தகத்தைப்போல் இதனை நூலகத்துக்குக் கொடுத்துவிட முடியாது. ஆகவே பொதுநிலையங்களுக்கு உரிமம் கேட்பதும், தாழ்ந்த பொறியிலும் இயங்கும் வடிவத்தைப் படைப்பாளரிடம் கோருவதும் நமது பண்பாட்டுக் கோரிக்கைகளுள் இடம்பெற வேண்டும். விமர்சகன் செய்யத்தக்க சிறு கடமையும் ஒன்றுண்டு: இனி ஒரு விளையாட்டைப் பற்றி எழுதும்போது அதன் கதையையும் காட்சியையும் கூறுவதுடன் நில்லாது, அது எந்தப் பொறியைக் கேட்கிறது, அப்பொறி இல்லாதார் யார் என்பதையும் சேர்த்து எழுதுக.