ஊராட்சிச் செய்தியும் உரைநடைத் தெளிவும்

உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள (கி.பி. 919, 921). குடவோலை முறையை விளக்குவன என்று வரலாற்றாசிரியர் அவற்றைப் போற்றுவர். யாம் ஈண்டுக் கருதுவது அவற்றின் உரைநடையையே. குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் விவரமறியாச் சிறுவன். அதனை வாங்குபவர் ஐவிரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்றல் வேண்டும். அவர் படித்தபின் அங்குள்ள நம்பிமார் அனைவரும் படித்தல் வேண்டும். முன்னர்ப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் தேர்விற்குரியர் அல்லர். யார், எதனை, எங்ஙனம் செய்வது என்பதில் ஐயத்திற்கு இடமே இல்லை. ஆயின் அது நிலமுடைய அந்தணர் அவை. பெண்டிரும் பிறரும் அதற்குப் புறம்பானவர். மேடைகளில் இதனை மறந்து பேசுவார் பலர்.

இன்றைய நிலையோ இதற்கு மறுதலை. உரிமை அனைவர்க்கும் உண்டு; அதனை எடுத்துரைக்கும் மொழியில் தெளிவு குன்றியுளது. கும்மிடிப்பூண்டியை நோக்குக. நகர்ப்பகுதி பேரூராட்சி, சுற்றியுள்ள சிற்றூர்கள் ஊராட்சி ஒன்றியத்தைச் சார்ந்தன, இடையே சிப்காட் தொழிற்பேட்டை. 2019 திசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் ஊரகத் தேர்தல் நிகழ்ந்தபோது வாக்காளர் ஒருவர் நான்கு வாக்குகள் அளித்தல் வேண்டியிருந்தது. ஊராட்சித் தலைவர்க்கு இளஞ்சிவப்புச் சீட்டு, ஒன்றிய உறுப்பினர்க்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி உறுப்பினர்க்கு மஞ்சள் என நிறம் பிரித்தனர். பெயர்கள் அங்ஙனம் பிரியவில்லை. கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என மூன்று அடுக்கிலும் ஒரு சொல்லே நிற்கின்றது. ஊராட்சித் தலைவரை மக்களே நேரிற் தேர்ந்தெடுப்பர். ஒன்றியத் தலைவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பர். 'தலைவர்' என்று மட்டும் எழுதும் செய்தி இவ்வேறுபாட்டை விழுங்கிவிடுகின்றது.

இக்குறை வெறுஞ்சொற்குறை அன்று என்பதற்கு அவ்வொன்றியத்தைச் சேர்ந்த ஆத்துப்பாக்கமே சான்று. பட்டியல் இனப் பெண்டிர்க்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சி அது. அதன் தலைவர் அமிர்தம் 2020 ஆகத்து 15 அன்று கொடியேற்ற இயலாவாறு தடுக்கப்பட்டார். இதழ்கள் இதனை வெளிப்படுத்தின. 20ஆம் நாள் மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். செய்தித்தாளின் ஆற்றலுக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. எனினும், யாம் படித்த செய்திகள் இழிவினை உரைத்த அளவிற்கு அப்பதவியின் இயல்பினை உரைக்கவில்லை. கொடி ஒரு நாளைக்குரியது. காசோலை ஆண்டு முழுமைக்கும் உரியது. ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையொப்பமிடல் வேண்டும் என்பது தமிழ்நாட்டு நடைமுறை. துணைத்தலைவரைத் தேர்ந்தெடுப்போர் வார்டு உறுப்பினர்கள். ஒதுக்கீட்டால் வந்த தலைவரைக் கொடி மறுக்காமலேயே முடக்குதற்கு இவ்வோரிடம் போதும். ஆத்துப்பாக்கத்தில் அவ்வாறு நிகழ்ந்தது என்று யாம் கூறவில்லை. நிகழின் படிப்பவர் கண்டுகொள்ளுதற்கு வேண்டிய அறிவு அச்செய்திகளில் இல்லை என்பதே எம் கருத்து.

சட்ட விளக்கம் செய்தியாகாது. அது பாடநூலின் பணி என்பாரும் உளர். அஃது ஒவ்வாது. 'துணைத்தலைவர் கையொப்பமும் வேண்டும்' என்பது மூன்று சொல். கிராம சபையில் வரவுசெலவுக் கணக்கினை வினவும் உரிமை வாக்காளர்க்கு உண்டு என்பதும் ஒரு வரியே. உத்தரமேரூர்ச் சபையார் உள்ளங்கையின் நிலையைக் கல்லில் எழுதுவித்தனர். தாளில் எழுதுவார்க்கு இடமில்லை எனல் எங்ஙனம் பொருந்தும்?

2025 சனவரி 5 அன்று திருவள்ளூர் மாவட்ட ஊரக உறுப்பினர்தம் பதவிக்காலம் நிறைவுற்றது. பொறுப்புத் தனி அலுவலர்பால் சென்றது. 'தனி' என்னும் அடைமொழி ஈண்டு யாது குறிக்கும் என்று சிற்றூர் மக்கள் அறியார். தெருவிளக்கு அவிந்ததை இனி எவரிடம் உரைப்பது, அவர் எந்த அலுவலகத்தில் இருப்பார் என்பவற்றையும் அச்செய்தியின் அடுத்த வரி கூறுதல் வேண்டும்.