நன்றி எழுதாத தகரம்

மெக்சிகோ ஓவியர் ஃப்ரிடா காலோ என்றதும் கூடிய புருவமும் தலை நிறையப் பூவும் நினைவுக்கு வரும். பையிலும் தேநீர்க் கோப்பையிலும் அச்சடித்துச் சலிக்க வைத்துவிட்டார்கள். அந்த முகத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, அவர் தகரத்தில் வரைந்த சில சின்னப் படங்களைப் பார்க்கலாம். அதற்கு முதலில் அவர் வீட்டுப் படிக்கட்டில் ஏற வேண்டும்.

மெக்சிகோ நகரத்தின் கொயோவகான் பகுதியில் இருக்கிறது அந்த நீல வீடு. 1958 முதல் அது அருங்காட்சியகம். படிக்கட்டுச் சுவரில் வரிசை வரிசையாக நோட்டுப் புத்தக அளவுத் தகரப் படங்கள். எதுவும் ஃப்ரிடா வரைந்ததல்ல. சாதாரண சனங்கள் மாதாவுக்கும் புனிதர்களுக்கும் செலுத்திய நேர்த்திக்கடன்கள். எக்ஸ்வோட்டோ என்பார்கள், ரெதாப்லோ என்றும் சொல்வதுண்டு. குதிரை தள்ளிவிட்டும் பிழைத்தவர், காய்ச்சலிலிருந்து மீண்ட பிள்ளையின் தாய் என்று யாராவது ஊர் ஓவியரிடம் போய் நடந்ததைச் சொல்வார்கள். அவர் வரைந்து கொடுப்பார், கோயிலில் கொண்டுபோய் மாட்டுவார்கள். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும் வழக்கம் வேகமாகப் பரவியது.

இவற்றைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். அடியில் ஒரு பட்டை எழுத்து: யார், எந்த ஊர், என்றைக்கு, என்ன நடந்தது, யாருக்கு நன்றி. காதில் விழுந்தபடி எழுதியதால் எழுத்துப்பிழை மலிந்திருக்கும். ஸ்பானிஷ் தெரியாவிட்டாலும் ஊர்ப் பெயரும் ஆண்டும் கண்ணில் படும். நடுவில் சம்பவம். குதிரையிலிருந்து விழுகிறவரே அதே படத்தின் ஓரத்தில் மண்டியிட்டுக் கும்பிட்டுக்கொண்டும் இருப்பார். ஆபத்தும் நன்றியும் ஒரே சட்டத்துக்குள். கட்டில் நம் பக்கம் சரிந்து கிடக்கிறதே, கோணம் தப்பாச்சே என்று முகம் சுளிக்க வேண்டாம். மேலே இருப்பவருக்கு நோயாளி முழுசாகத் தெரிய வேண்டும் என்று ஓவியர் நினைத்தார் போலிருக்கிறது. அந்த மேலே இருப்பவர் கடைசியில்: மேகத்துக்கு நடுவே மாதாவோ ஒரு புனிதரோ.

வேளாங்கண்ணியில் காணிக்கைகளை வைத்திருக்கும் கூடத்துக்குப் போனவர்களுக்கு இந்தப் பார்வை புதிதல்ல. வெள்ளிக் கால், வெள்ளிக் கண், கூடவே நன்றிக் கடிதங்கள். அங்கே நின்று கால் செய்த பத்தரின் நேர்த்தியை யாரும் ஆராய்வதில்லை. இது யாருடைய காலோ, என்ன ஆயிற்றோ என்றுதான் மனசு போகும். ஃப்ரிடாவின் படத்துக்கு முன்னால் நிற்கும்போதும் அந்த மனசு வேண்டும்.

தாய் மட்டில்டே தீவிர பக்தை, மகள் கம்யூனிஸ்ட். கோயிலை விட்டாலும் கோயில் சுவரை விடவில்லை. 1932இல் டெட்ராய்ட்டில் கரு கலைந்தபோது, பிழைத்தவர்கள் தேடிப்போகும் அந்தத் தகரத்தைத்தான் அவரும் எடுத்தார். ‘ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை’ இரண்டு ஏ4 தாளைச் சேர்த்துவைத்த அளவுகூட இல்லை. வெட்டவெளியில் சரிந்த ஒரு கட்டில், ரத்தம், கையிலிருந்து கிளம்பும் ஆறு சிவப்புக் கயிறுகள். அவற்றின் நுனிகளில் சிசு, நத்தை, இடுப்பெலும்பு, ஆர்க்கிட் என்று ஒவ்வொன்று. பலர் இந்த ஆறுக்கும் பொருள் தேடுவதிலேயே நின்றுவிடுகிறார்கள். நீங்கள் தலையை நிமிர்த்தி வானத்தைப் பாருங்கள். மாதா இருக்க வேண்டிய இடத்தில் மாதா இல்லை. தொடுவானத்தில் தொழிற்சாலை நிற்கிறது.

அதே ஆண்டு வரைந்தது ‘என் பிறப்பு’. அவர் வரைந்த தகரங்களில் எனக்கு மிகப் பெரியது இதுதான். பிரசவக் கட்டிலில் ஒரு பெண். முகம் துணியால் மூடியிருக்கிறது. அந்தச் செப்டம்பரில்தான் மட்டில்டே இறந்துபோனார். வெளியே வரும் குழந்தையின் தலையில் அந்தக் கூடிய புருவம். இங்கே வியாகுல மாதா வந்திருக்கிறாள், ஆனால் மேகத்தில் இல்லை. கட்டிலுக்கு மேலே சுவரில் மாட்டிய சட்டத்துக்குள் அகப்பட்டு, அழுதுகொண்டிருக்கிறாள். இப்போது கண்ணைக் கீழே இறக்குங்கள். எழுத்துக்கான பட்டை விரித்தபடி இருக்கிறது. அதில் ஒரு எழுத்தும் இல்லை. மறந்துபோய் விட்டதாக நான் நம்பவில்லை. பக்திப் படத்தின் இலக்கணம் தெரிந்த ஒருவரால்தான் இப்படி வெறுமையாக விட முடியும்.

1935இல் வந்த தகரம் இதைவிடக் கடுமை. காதலியைக் கத்தியால் குத்திக் கொன்ற ஒருவன், ஏதோ நாலைந்து சின்னக் கீறல்தானே என்று சொன்னதாக வந்த செய்தியை வைத்து வரைந்தது. அந்தச் சாக்கைத் தாங்கிய நாடாவை ஒரு வெள்ளைப் புறாவும் ஒரு கறுப்புப் புறாவும் தூக்கிக்கொண்டு பறக்கின்றன. எங்கே தெரியுமா? மேலே, புனிதர் வரும் இடத்தில். ரத்தம் படத்தோடு நிற்காமல் மரச்சட்டத்திலும் தெறித்திருக்கும். புத்தகத்தில் அச்சிடும்போது சட்டத்தை வெட்டிவிட்டால் பாதிப் படம் போய்விடும்.

அப்படியானால் அவர் நன்றியே சொல்லவில்லையா? ஒரு தடவை சொன்னார், இரவல் படத்தில். 1925 செப்டம்பர் 17 அன்று அவர் போன பேருந்தின் மீது டிராம் மோதியது. முதுகெலும்பும் இடுப்பும் உடைந்தன. 1940 வாக்கில், யாரோ எப்போதோ செலுத்திய ஒரு பழைய தகரப் படம் கையில் கிடைத்தது. அதிலும் ஒரு பேருந்து, ஒரு விபத்து, கீழே கிடக்கும் ஒரு பெண், மேலே வியாகுல மாதா. ஃப்ரிடா தூரிகை எடுத்து வண்டிகளில் ஊர்ப் பெயர் எழுதினார். கிடந்த பெண்ணின் இரண்டு புருவத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். அடியில் நன்றி வாசகமும் எழுதினார். மகளைக் காப்பாற்றியதற்காக மாதாவுக்கு நன்றி சொல்வது அவரல்ல; அவருடைய அப்பாவும், 1932இலேயே செத்துப்போன அம்மாவும்.