‘ஹரிதாஸ்’: ஓடிய கால்களும் பொத்திய காதுகளும்

‘ஹரிதாஸ்’ என்றதும் வாசகர்களில் மூத்தவர்களுக்குத் தியாகராஜ பாகவதர் நடித்து, 1944-இல் வெளியாகி, மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் நினைவுக்கு வரலாம். இக்கட்டுரை அதைப் பற்றியதன்று. ஜி. என். ஆர். குமாரவேலன் இயக்கத்தில் 2013-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த அதே பெயருடைய படத்தைப் பற்றியது. ஆட்டிசம் உள்ள சிறுவனை மையமாகக் கொண்ட தமிழ்ப்படங்கள் மிகச் சில. அவற்றுள் இதுவே பலராலும் நினைவில் வைக்கப்பட்டுள்ளது.

அறிவியல் இதழில் திரைப்பட விமர்சனம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பரமத்தி வேலூரில் எனக்குத் தெரிந்த பல வீடுகளுக்கு ‘ஆட்டிசம்’ என்ற சொல் மருத்துவர் வாயிலாகவோ பாடநூல் வாயிலாகவோ வரவில்லை. இப்படத்தின் வாயிலாகத்தான் வந்தது. ஒரு படம் பாடநூலின் வேலையைச் செய்துவிட்டால், அதைப் பாடநூலைப் போலவே சோதித்துப் பார்ப்பதும் நம் கடமையாகிறது.

கதை எளியது. சிவதாஸ் (கிஷோர்) என்னும் காவல்துறை அதிகாரிக்கு ஹரி (பிருத்விராஜ் தாஸ்) என்ற மகன். பாட்டியிடம் வளர்ந்த சிறுவன், அவர் மறைவுக்குப் பின் தந்தையிடம் வருகிறான். அரசுப் பள்ளியில் சேர்க்கப்படுகிறான். அமுதவல்லி என்னும் ஆசிரியை (சினேகா) அவன்பால் அன்பு கொள்கிறார். ஓடும் குதிரையைக் கண்டு சிறுவன் கிளர்ச்சியுறுவதைத் தந்தை கவனிக்கிறார். அதுவே வழியாகிப் படம் மாரத்தான் ஓட்டத்தில் உச்சம் கொள்கிறது.

பாராட்டத்தக்கவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்படத்தில் மந்திரமில்லை, மூலிகையில்லை, கடைசிக் காட்சியில் ‘குணமாகி’ வசனம் பேசும் பிள்ளையும் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளியிலேயே இவனும் படிக்கவேண்டும் என்று தந்தை உறுதியாக நிற்கிறார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016-இல்தான் என்பதை இங்கு நினைவிற் கொள்க. ஆட்டிசத்தை ‘மதியிறுக்கம்’ என்று எழுதுவோர் உளர். இறுகியது மதியன்று என்பதால் அச்சொல்லை நான் விரும்புவதில்லை. படமும் சிறுவனின் மதியைக் குறைத்துக் காட்டவில்லை.

இனி என் குறையைச் சொல்லவேண்டும். அதற்கு என் அக்கா மகனைப் பற்றிச் சில வரிகள் எழுதவேண்டியுள்ளது.

அவனுக்கு வயது ஒன்பது. ஆட்டிசம் என்று மருத்துவர் உறுதி செய்து நான்காண்டுகள் ஆகின்றன. ஒருநாள் தொலைக்காட்சியில் இப்படத்தைக் கண்ட உறவினர் ஒருவர் அக்காளிடம், “ஏம்மிணி, நம்ம பையனையும் ஓட உட்டுப் பாக்கறது?” என்றார். அவர் சொன்னது அன்பினால்தான். அவன் இயல்பாகவே நன்றாக ஓடுவான். எனவே பள்ளி விளையாட்டு விழாவில் பெயர் கொடுக்கப்பட்டது. அன்று ஒலிபெருக்கி, விசில், கைதட்டல், சுற்றிலும் கூச்சல். வரிசையில் நிறுத்தப்பட்டவன் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் அமர்ந்துவிட்டான். மாலைவரை எழவில்லை. “பயந்த பையன்” என்றார்கள். அடுத்த வாரம் முழுவதும் அவன் பள்ளிக்குப் போகவில்லை.

அது வெறும் பயந்தானா?

அன்று என் கைப்பேசியிலிருந்த ஒலியளக்கும் செயலியை ஒலிபெருக்கியின் அருகே பிடித்துப் பார்த்தேன். ஏறத்தாழ 95 டெசிபல் காட்டியது. (செயலி ஆய்வகக் கருவியாகாது, தோராயம் என்றே கொள்க.) அமைதியான வகுப்பறையில் அதே செயலி 55 காட்டியது. வேறுபாடு 40 என்று எண்ணி ஏமாறாதீர்கள். டெசிபல் மடக்கை அளவு. பத்து டெசிபல் கூடினால் ஒலிச்செறிவு பத்து மடங்காகும். நாற்பது கூடினால் 10,000 மடங்காகும். ஆயினும் நம் காதுக்கு அது பத்தாயிரம் மடங்கு உரத்ததாகத் தோன்றுவதில்லை. பத்து டெசிபலுக்கு இரு மடங்கு என்ற பொதுக் கணக்கில், ஏறத்தாழ 16 மடங்கே உரத்ததாகத் தோன்றும். கருவி அளப்பது ஒன்று, நாம் உணர்வது மற்றொன்று. உணர்வைத் தீர்மானிப்பதில் நரம்பு மண்டலத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நம்மிற் பெரும்பாலோருக்கு அது ஏறக்குறைய ஒரே விதமாக நடைபெறுவதால், எல்லாருக்கும் அப்படியே என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

1943-இல் ஆட்டிசத்தை முதன்முதல் விரிவாக எழுதிய லியோ கானர், தாம் கண்ட பதினொரு குழந்தைகளுள் சிலர் மின்தூக்கி, தூசு உறிஞ்சும் கருவி போன்றவற்றின் ஓசைக்கு நடுங்கியதைக் குறித்துள்ளார். அவர் மேலும் ஒன்றைக் கவனித்தார். அதே குழந்தை தானே அதற்கு இணையான ஓசையை எழுப்பி மகிழ்வதுண்டு. எனவே தொல்லை தருவது ஓசை மட்டுமன்று, கேளாமல் உள்ளே புகும் ஓசை என்று அவர் கருதினார். எங்கள் வீட்டில் இதை நான் நாள்தோறும் காண்கிறேன். எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்துச் சிரிக்கும் பிள்ளை, சமையலறையில் மிக்சி ஓடத் தொடங்கியதும் தெருவுக்கு ஓடுகிறான். ‘தட்டுச் சத்தம் தாங்குகிறவனுக்கு மிக்சி தாங்காதா, பிடிவாதம்’ என்று நானே சொல்லியிருக்கிறேன்.

கானர் எழுதி எழுபது ஆண்டுகள் கழித்துத்தான், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டு ஐந்தாம் பதிப்பில், புலனுணர்வு மிகைப்படுவதோ குறைவுபடுவதோ ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. அந்த ஆண்டு 2013, மாதம் மே. ‘ஹரிதாஸ்’ அதற்கு மூன்று மாதம் முந்தியது! ஆகவே கையேட்டில் இல்லாததைப் படம் காட்டவில்லை என்று குற்றஞ்சாட்ட மாட்டேன். ஆனால் தந்தை, ஆசிரியை, ஊரார் எல்லாரும் ஹரியைப் பார்க்கிறார்கள். ஹரியின் காது வழியாக உலகத்தை நாம் கேட்கும் வாய்ப்பைப் படம் தரவில்லை. திரைப்படம் ஒளியாலும் ஒலியாலும் ஆனது. ஓர் ஆட்டோவின் ஹாரன் அவனுக்கு எப்படி விழுகிறது என்று காட்டப் புத்தகத்தைவிட அதுவே ஏற்ற கருவியாயிற்றே!

ஓட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புலன்கள் ஐந்து என்றே படித்திருக்கிறோம். உள்செவியின் அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியை அறிகின்றன. தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்விகள் உடல் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மூளைக்குத் தெரிவிக்கின்றன. சில குழந்தைகள் இவ்வுணர்வுகளை மிகுதியாக நாடுகிறார்கள். சுற்றுவார்கள், குதிப்பார்கள், கைகளை உதறுவார்கள், ஓடுவார்கள். அத்தகைய குழந்தைக்கு ஓட்டமே பயன். எல்லைக் கோடு ஒரு பொருட்டன்று. குதிரைக் காட்சியில் படம் இவ்வுண்மைக்கு மிக அருகில் வருகிறது. மகன் எதை நோக்குகிறான் என்று தந்தை நோக்குகிறார். படத்தின் ஆகச் சிறந்த இடம் அதுவே என்பேன். ஆனால் பிற்பகுதியில் ஓட்டம் சான்றிதழாகிவிடுகிறது. ஊர் வியந்தால்தான் பிள்ளைக்கு மதிப்பு என்ற பழைய கணக்கு திரும்பி வருகிறது. ஓடத் தெரியாத ஆட்டிசக் குழந்தையின் தாய் இப்படத்திலிருந்து எதை எடுத்துச் செல்வாள்?

இங்கே அயல்நாட்டு உண்மைக் கதை ஒன்றை ஒப்பிடலாம். நம் கால்நடை மருந்தகங்களில் ஊசி போடுவதற்காக மாட்டை நிறுத்தும் இரும்புக் குழாய்ச் சட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் தன் உறவினர் ஒருவரின் பண்ணையில், மாடுகளை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் அத்தகைய பொறியொன்றை டெம்பிள் கிராண்டின் என்ற பெண் கண்டார். அவர் ஆட்டிசம் உள்ளவர். பிறர் அணைத்தால் தாங்க முடியாதவர். எனினும் அழுத்தம் அவருக்குத் தேவைப்பட்டது. பதினெட்டு வயதில் தனக்கென அதுபோன்ற பொறியொன்றைச் செய்துகொண்டார். அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் பிடி அவர் கையிலேயே இருந்தது. உளவியலார் அதைப் பறிக்க முயன்றனர். அவருடைய அறிவியல் ஆசிரியர் கார்லாக் வேறுவிதமாக நடந்தார். அழுத்தம் ஏன் அமைதி தருகிறது என்று அறிவியல் முறையில் ஆராய்ந்து பார் என்று தூண்டினார். அம்மாணவி பின்னாளில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை அறிவியல் பேராசிரியரானார். பேராசிரியர் ஆனதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நானும் மாரத்தான் கதையைத்தான் சொன்னவனாவேன். ‘விசித்திரம்’ என்று பிறர் ஒதுக்கியதை ஓர் ஆசிரியர் ‘தரவு’ என்று எடுத்துக்கொண்டாரே, அதற்காகச் சொல்கிறேன்.

இன்று ‘ஏற்கும் சிகிச்சை’ என்று பேசப்படுவதன் உள்ளீடு இதுவே. குழந்தையைப் பிறரைப் போல நடிக்கப் பழக்குவது அதன் நோக்கமன்று. கையை உதறினால் கையைக் கட்டச் சொல்வதில்லை. எந்தச் சூழலில் உதறுகிறான் என்று பார்க்கச் சொல்கிறது. போதும் என்று அவன் முகம் திருப்பினால் அதை விடையாகக் கொள்கிறது. ஆக்குபேஷனல் தெரபி என்னும் செயல்முறைச் சிகிச்சை செய்வோரில் பலர் இப்போது இவ்வாறு நடக்கின்றனர்.

இதிலும் கண்மூடி நம்புதல் கூடாது. புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சை என்ற பெயரில் ஊஞ்சல், கனத்த போர்வை, கனத்த மேற்சட்டை எல்லாம் விற்கப்படுகின்றன. 2014-இல் வெளியான ஆய்வொன்றில், கனத்த போர்வை ஆட்டிசக் குழந்தைகளின் உறக்க நேரத்தைக் கூட்டவில்லை. ஆனால் குழந்தைகள் சாதாரணப் போர்வையைவிட அதையே விரும்பினர். பிரிட்டனில் 138 குழந்தைகளிடம் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், இச்சிகிச்சை வழக்கமான கவனிப்பைவிடத் தெளிவான மேம்பாட்டைத் தரவில்லை. எனவே, ‘நூறு அமர்வில் ஆட்டிசம் நீங்கும்’ என்று பணம் கேட்பவரிடம் எச்சரிக்கையாயிருங்கள். அதே வேளையில், ஒலிபெருக்கியைத் திருப்பி வைக்கவும், காதுக்கவசம் அணிய அனுமதிக்கவும் பெரும் ஆய்வு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. கிட்டப்பார்வை உள்ள மாணவனின் கண்ணாடியைக் கழற்றி, ‘பழகிக்கொள்’ என்று எந்த ஆசிரியரும் சொல்வதில்லை.

‘ஹரிதாஸ்’ படத்தைப் பாருங்கள், வகுப்பில் காட்டுங்கள். காட்டிய பின், ஹரிக்கு என்ன கேட்டிருக்கும் என்று மாணவர்களைக் கேளுங்கள். அந்தக் கேள்வி படத்தில் இல்லை.

அக்கா மகன் இப்போதும் ஓடுகிறான். ஜேடர்பாளையம் படுகை அணையிலிருந்து வரும் ராஜவாய்க்காலின் கரையில், வெற்றிலைக் கொடிக்கால்களை ஒட்டி, விடிவதற்குச் சற்று முன். நான் பின்னால் சைக்கிளில் போவேன். முதல் வாரத்தில் வாத்தியார் புத்தி விடவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்து, “இன்னிக்கு நாலு நிமிசம் டா!” என்று கத்தினேன். உடனே நின்று காதைப் பொத்தினான். மறுநாள் கடிகாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன்.