'ட்ரூ சக்' எவ்வளவு ட்ரூ? நாலு ஜா டாக் சக் தேர்வு பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

பேத்துப்பாறை கல்திட்டைக் குறிப்புகளுக்காக இங்க வர்றவங்க ஒரே ஒரு பதிவு பொறுத்துக்கணும். இது லேத் பத்தின பதிவு. ஆனா விஷயம் இரும்போட நிக்கல. ஒரு பொருளுக்கு நாம வைக்கிற பேரே அதைப் பத்தின தப்பான தீர்ப்பா மாறிடுறது எப்படிங்கிறதுதான் உள்ளே இருக்கிற கேள்வி.

லேத்ல சுத்துற பொருளை ('ஜாப்'னு பட்டறையில சொல்லுவாங்க) கெட்டியாப் பிடிக்கிற கருவிதான் சக். நம்ம பட்டறைகள்ல இதுல ரெண்டு வகை புழங்குது. மூணு ஜா இருக்கும், ஒரு இடத்துல சாவியைத் திருப்பினா மூணும் ஒண்ணா உள்ளே வரும். இதுக்குப் பேரு 'ட்ரூ சக்'. இன்னொண்ணுல நாலு ஜா, நாலுக்கும் தனித்தனித் திருகு. ஒண்ணை நகர்த்தினா மத்தது அசையாது. இதுக்குப் பேரு 'டாக் சக்'. இங்கிலீஷ் புத்தகத்துல இருக்கிற 'இண்டிபெண்டன்ட் சக்'ங்கிற பேரைப் பட்டறைக்காரர் யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தப் பேரைக் கேட்டு வளர்ற பையனுக்கு என்ன தோணும்? துல்லியமான வேலைக்கு ட்ரூ சக், கோணல்மாணல் வார்ப்புக்கு டாக் சக்! பாடப்புத்தக அட்டவணைகளும் கிட்டத்தட்ட இதையே சொல்லுது: மூணு ஜா உருண்டைக்கும் அறுகோணத்துக்கும், நாலு ஜா ஒழுங்கில்லாத வடிவத்துக்கு. தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா பாதி உண்மை. விட்டுப்போன பாதிதான் சக் வாங்கப் போறவருக்கு முக்கியம்.

ட்ரூ சக்கின் வரம்பு

மூணு ஜா சக்குக்குள்ள ஒரு தட்டு இருக்கு. அதோட முகத்துல சுருள் மாதிரி ஒரு புரி. அந்தச் சுருள்ல மூணு ஜாவோட பற்களும் மாட்டியிருக்கும். தட்டு சுத்தினா மூணும் சமமா நகரணும். இந்த 'சமமா'ங்கிற வார்த்தையிலதான் எல்லாப் பிரச்சினையும். சுருளோட பிழை, பற்களோட தேய்மானம், உள்ளே சிக்கின தூள் எல்லாம் சேர்ந்து ஜாப்போட மையத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கும். புதுசா, நல்ல தயாரிப்பா இருந்தாலும் 0.05 மி.மீ. ஆட்டம் சகஜம். பத்து வருஷம் உழைச்ச சக்குல 0.2 பார்க்கலாம். விட்டத்துக்கு விட்டம் இந்தப் பிழை மாறும், ஏன்னா சுருளோட வேற இடம் வேலை செய்யுது. இதுக்கெல்லாம் பரிகாரம் பண்ண அந்தச் சக்குல உங்களுக்கு ஒரு திருகுகூடக் கிடையாது. (பின்னால நுண்திருகு வச்ச விலை உயர்ந்த வகை ஒண்ணு உண்டு. அது தனிக் கதை.)

நாலு ஜாவுல நிலைமை வேற. ஜாப்பை உத்தேசமாப் பிடிச்சு, டயல் கேஜை அது மேல வச்சு, கையால சக்கைச் சுத்துங்க. 1-ம் ஜா பக்கம் முள் 0, எதிரே 3-ம் ஜா பக்கம் 0.40 காட்டுதுன்னா மையம் அதுல பாதி, அதாவது 0.20 மி.மீ. விலகி இருக்கு. ஒரு பக்கம் தளர்த்தி எதிர்ப்பக்கம் இறுக்கி அந்த 0.20-ஐ நகர்த்தணும். அடுத்து 2, 4. மறுபடி 1, 3. முள் அசையாம நிக்கிற வரைக்கும் இதேதான். இங்க எல்லை உங்க டயலோட எல்லை, உங்க பொறுமையோட எல்லை.

அதனால 'ட்ரூ'ங்கிற பேருக்கு உண்மையில தகுதி டாக் சக்குக்குத்தான். மூணு ஜாவுக்குச் சரியான பேரு 'வேக சக்'.

ஆனா, நாலு திருகு ரெண்டைத்தான் திருத்தும்

இதோட நிறுத்திட்டா நானும் பாதி உண்மை சொன்னவனா ஆயிடுவேன். நிறையப் பேர் இங்கதான் நிறுத்துறாங்க: "எந்த மட்டமான டாக் சக்கும் போதும், டயல் வச்சா எல்லாம் சரியாயிடும்." விற்கிறவங்க இதுக்கு நேர் எதிர்: நாலு ஜா சக்குக்கும் விவரப் பட்டியல்ல மைய ஆட்டம் இத்தனைன்னு ஒரு எண் போட்டு, எண் குறைஞ்சா விலையைக் கூட்டுறாங்க. ரெண்டுமே குழப்பம்.

கணக்கா யோசிப்போம். ஒரு உருண்டைக் கம்பியோட அச்சு ஒரு நேர்கோடு. அது லேத்தோட சுழல் அச்சுல இருந்து நாலு விதமா விலகலாம். மேல்கீழ் நகர்வு, பக்கவாட்டு நகர்வு, மேல்கீழ் சாய்வு, பக்கவாட்டுச் சாய்வு. நாலு ஜாவும் எதிரெதிர் ஜோடிகள். ஒரு ஜோடி ஒரு நகர்வைத் திருத்தும், இன்னொரு ஜோடி இன்னொரு நகர்வை. அவ்வளவுதான். சாய்வு ரெண்டையும் எந்தத் திருகும் தொடாது. மென்பொருள் பாஷையில சொன்னா, கட்டமைப்புக் கோப்புல ரெண்டு மதிப்பு மாத்தலாம். மீதி ரெண்டு நிரல்லயே எழுதி மூடியாச்சு. எழுதினது சக் தயாரிச்ச தொழிற்சாலை.

ஆகவே மைய ஆட்டத்துக்கு எண் போடுறதுல அர்த்தமில்லை. அதை நீங்களே பூஜ்யமாக்கப் போறீங்க. கேட்க வேண்டிய கேள்வி: ஜாவோட பிடிமுகம் சுழல் அச்சுக்கு எவ்வளவு இணையா இருக்கு? இறுக்கும்போது ஜா தன் காடியில நிமிர்ந்து எழும்புதா? டாக் சக்குக்குக் கொடுக்கிற கூடுதல் காசு இந்தக் கோணத்துக்குத்தான் போகணும்.

செம்புச் சுத்தியலால ரெண்டு தட்டு தட்டினா சாய்வும் சரியாயிடும்னு அனுபவஸ்தர்கள் சொல்லுவாங்க. குட்டையாப் பிடிச்ச ஜாப்புல அது நடக்கும். ஆனா ஜாவே சாய்ஞ்சு இருந்தா, இறுக்கினதும் ஜாப் ஜாவோட கோணத்துக்கே திரும்பிப் போகப் பார்க்கும். இறுக்காம விட்டா வெட்டும்போது அசையும்.

ரெண்டு ஜாப், ரெண்டு தீர்ப்பு

இது எப்போ உதைக்கும், எப்போ உதைக்காதுன்னு எங்க மலைக்குத் தெரிஞ்ச ரெண்டு வேலையை வச்சுப் பார்ப்போம்.

முதலாவது, காப்பிப் பழம் உரிக்கிற பல்ப்பர். கீழ்ப்பழனி மலையில காப்பி விளையற இடத்துல எல்லாம் இந்த இயந்திரம் உண்டு. அதோட தண்டு சுத்துற கன்மெட்டல் புஷ், தண்ணியும் தோலும் பட்டுப் பட்டுத் தேயும். புது புஷ் கடையணும். ஒரு உருண்டையைப் பிடிச்சு, வெளிவிட்டம் கடைஞ்சு, துளை போட்டு, போரிங் பண்ணி, வெட்டி எடுத்துடலாம். எல்லாமே ஒரே பிடியில. இந்த வேலைக்குச் சக் ஆடினா என்ன, சாய்ஞ்சா என்ன? உள்விட்டமும் வெளிவிட்டமும் லேத்தோட அச்சைச் சுத்தியே உருவாகுது, ரெண்டும் தானா ஒரே மையம். ட்ரூ சக் போதும். இதுக்கு டாக் சக் மாட்டி மையம் பார்க்கிறது வீண் வேலை.

இரண்டாவது, லென்ஸ் பிடிக்கிற வளையம். மலை உச்சியில இருக்கிற சூரிய ஆய்வுக்கூடத்தை நினைச்சுக்கோங்க. 1907-ல் கொடைக்கானல் வந்த ஜான் எவர்ஷெட், 1909-ல் சூரியப்புள்ளிகள்ல வாயு ஆரப்போக்குல ஓடுறதைக் கண்டுபிடிச்சார். இன்னைக்கும் அது அவர் பேராலதான் வழங்குது. தன் கருவிகளைத் தானே கட்டுற பழக்கம் உள்ளவர். 1911-ல் ஹைட்ரஜன் ஒளியில சூரியனைப் படமெடுக்க ஒரு துணைக் கருவியையும் அங்கேயே உருவாக்கினார். அந்த மாதிரி ஒளியியல் கருவிக்கு ஒரு லென்ஸ் வளையம் கடையறதா வைங்க. ஒரு பக்கம் லென்ஸ் உட்கார இருக்கை, மறுபக்கம் குழாய்ல மாட்ட புரி. பெரும்பாலும் ஒரு பக்கம் முடிச்சு, திருப்பிப் பிடிச்சு, மறுபக்கம் கடையணும். முதல்ல கடைஞ்ச மையமும் இப்போ கடையற மையமும் ஒண்ணா இருந்தே ஆகணும். ட்ரூ சக் இங்க கைவிட்டுடும். டாக் சக்கும் டயலும்தான் கதி.

சாய்வு எவ்வளவு பாதிக்கும்? 100 மி.மீ. நீளத்துக்கு அச்சு 0.05 விலகுற அளவு ஜா சாய்ஞ்சிருக்குன்னு வைங்க. வளையம் 20 மி.மீ. நீளம்னா அந்த நீளத்துல விலகல் 0.01 மட்டுமே. ஆனா 150 மி.மீ. நீளத் தண்டைத் திருப்பிப் பிடிச்சா 0.075 வந்துடும். ஜா பக்கத்துல முள் பூஜ்யத்துல சும்மா நிக்கும், தண்டோட முனை ஆடும். அதனால எப்பவும் ரெண்டு இடத்துல டயல் வைக்கணும்: ஜா ஓரத்துல ஒண்ணு, முனையில ஒண்ணு. ஓரத்துல மட்டும் காட்டி "பாருங்க, ஜீரோ!"ன்னு சொல்ற செயல்விளக்கத்தை நம்பாதீங்க.

பின்பலகை: இங்கயும் அதே தத்துவம்

சக்கை ஸ்பிண்டில்ல மாட்ட, நடுவுல ஒரு பேக் பிளேட் வரும். இதுக்கான பொது அறிவுரை, அதோட மையப்படி ரொம்ப இறுக்கமாப் பொருந்தணும்ங்கிறது. மூணு ஜாவுக்கு அது உண்மை. நாலு ஜாவுக்கு மையம் கொஞ்சம் தள்ளி இருந்தா பரவாயில்லை, ஜா திருத்திடும். ஆனா முகம் கோணலா இருக்கக் கூடாது. 200 மி.மீ. விட்டத்துல 0.02 கோணல் இருந்தா, 100 மி.மீ. தள்ளி மையம் 0.01 விலகும், டயல்ல அது 0.02 ஆட்டமாத் தெரியும். அதனால பேக் பிளேட்டை உங்க லேத்லயே மாட்டி, அங்கேயே முகத்தை ஃபேஸிங் பண்ணணும். வேற லேத்ல செஞ்சு வாங்கின பிளேட் எவ்வளவு பளபளப்பா இருந்தாலும் உங்க ஸ்பிண்டிலுக்கு அந்நியம்.

பழைய லேத்கள்ல ஸ்பிண்டில் மூக்குல புரி இருக்கும். அதுல மாட்டின சக், எதிர்த்திசையில ஓட்டினாலோ சட்டுனு பிரேக் போட்டாலோ கழன்று வரும். கேம்லாக் மூக்கு இருக்கிற லேத்ல இந்தப் பயம் இல்லை.

பெருசு நல்லதா?

"இருக்கிறதிலேயே பெரிய சக்கா வாங்கிடு"ங்கிறது இன்னொரு இலவச அறிவுரை. ஒரே தடிமன்ல விட்டம் ஒன்றரை மடங்கானா சுழல் நிலைமம் ஐந்து மடங்கு ஆகும். வீட்டு ஒற்றை ஃபேஸ் மின்சாரத்துல ஓடுற ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒவ்வொரு தடவையும் அதை எழுப்பித் திணறும், பெல்ட் வழுக்கும். எடை இன்னொரு பக்கம். 200 மி.மீ. வார்ப்பிரும்புச் சக்கே சுமார் 15 கிலோ. அதைத் தனி ஆளாத் தூக்கி மாட்டும்போது கை நழுவினா பெட்டும் போச்சு, விரலும் போச்சு. பெட் மேல ஒரு மரத்தொட்டில் வச்சு ஏத்துறதுதான் புத்திசாலித்தனம். நாலு ஜாவுல ஜாக்கள் உடம்பைத் தாண்டி வெளியே நீளும்ங்கிறதையும் கணக்குல வைங்க. கையால ஒரு முழுச் சுத்து சுத்திப் பார்க்காம சுவிட்ச் போடக் கூடாது. வார்ப்பிரும்பு உடம்புன்னா அதுல பொறிச்ச அதிகபட்ச வேகம் வேதவாக்கு.

கடையில நின்னு பார்க்க வேண்டியவை

மலையில இருந்து இறங்கி வத்தலக்குண்டு, திண்டுக்கல் தாண்டிப் போய் வாங்குற பொருள். திருப்பிக் கொடுக்க இன்னொரு பயணம். அதனால லேத் இல்லாமலே அங்கேயே பார்க்கக்கூடிய சோதனைகள்:

1. ஒரு நேரான, கிரைண்டிங் பண்ணின கம்பி கொண்டு போங்க. நல்ல நிலையில உள்ள ஷாக் அப்சார்பர் ராடு போதும். நாலு ஜாவுலயும் பிடிச்சு, பின்னால டார்ச் அடிங்க. ஜாவோட முன்பக்கமோ பின்பக்கமோ வெளிச்சம் கசிஞ்சா ஜா வாய் விரிஞ்சிருக்கு.

2. அதே கம்பியோட சக்கைச் சமதளப் பலகை மேல முதுகு கீழே இருக்கிற மாதிரி வச்சு, மூலைமட்டத்தை ரெண்டு திசையில சேர்த்துப் பாருங்க. சாய்வு கண்ணுக்கே தெரியும். இந்தப் பதிவுல ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும்னா இதை வைங்க.

3. ஜாவைப் பாதி வெளியே எடுத்து ஆட்டிப் பாருங்க. கடகடன்னா வேண்டாம்.

4. சாவியை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரை திருப்புங்க. ஒரே சீரா, வெண்ணெய் மாதிரி போகணும். புரி இடைவெளி 4 மி.மீ.ன்னா ஒரு டிகிரி திருப்பம் 0.011 மி.மீ. இடையில சிக்கி விடுற திருகுல இந்த நுணுக்கம் கைக்கு வராது.

5. ஜா எண்ணும் காடி எண்ணும் ஒத்துப்போகணும். ஜாவைத் திருப்பிப் போட்டும் பாருங்க.

6. இணையத்துல வாங்கினா, 'நாலு ஜா'ன்னு போட்டிருந்தா மட்டும் போதாது. நாலும் ஒண்ணா நகர்ற வகையும் அதே பேர்ல விற்குது. மரக்கடைசலுக்கு அது நல்லது, இந்த வேலைக்கு உதவாது.

நேரம் ஆகுமே?

டாக் சக் மேல உள்ள நியாயமான குற்றச்சாட்டு இது. ஒரே ஜாப் ஐந்நூறு போடுற பட்டறையில ஒவ்வொண்ணுக்கும் மையம் பார்த்துக்கிட்டு இருந்தா கூலி கட்டாது. அங்க ட்ரூ சக்தான் ராஜா. ஆனா வாரக்கடைசியில ரெண்டு ஜாப் போடுறவருக்கு இந்தக் குற்றச்சாட்டை அப்படியே பொருத்துறது தப்பு. ரெண்டு சாவியை எதிரெதிர் ஜாவுல ஒரே நேரத்துல போட்டு, ஒண்ணைத் தளர்த்த ஒண்ணை இறுக்கன்னு பழகிட்டா சில நிமிஷ வேலை. ஒரு ஜாப்பைத் திருப்பிப் போட்டு மையம் தப்பி, கன்மெட்டல் துண்டைக் குப்பையில போடுற நேரத்தைவிட அது குறைவு.

என் தீர்ப்பு இதுதான். ஒரு மீட்டர் சுமாருக்கு நீளம் உள்ள சின்ன லேத், ஒற்றை ஃபேஸ் மோட்டார், பலவித ஒற்றை வேலைகள்னா: 160 அல்லது 200 மி.மீ. டாக் சக், திருப்பிப் போடக்கூடிய ஒரே துண்டு ஜாக்கள், உங்க லேத்லயே முகம் கடைஞ்ச பேக் பிளேட். பட்டியல்ல மைய ஆட்ட எண்ணுக்காகக் கேட்கிற கூடுதல் காசைக் கொடுக்காதீங்க. அதை நல்ல டயல் கேஜுக்கும் காந்த ஸ்டாண்டுக்கும் போடுங்க. டயல் இல்லாத டாக் சக் வெறும் கிடுக்கிதான்.