சரத்தில் விழுந்த வளையம்

பாட்டில் சுவரில் ஏறிவரும் கொழுத்த பழ ஈப் புழு ஒன்றை எடுத்து, ஊசி முனையால் தலையை மெல்ல இழுத்தால், கண்ணாடிபோல் மினுங்கும் இரண்டு உமிழ்நீர்ச் சுரப்பிகள் கூடவே வரும். சாயம் ஏற்றி, மூடு கண்ணாடி வைத்து, கட்டைவிரலால் ஒரே அழுத்து. நுண்ணோக்கியில் விரிகின்றன குரோமோசோம்கள்! ஏறத்தாழ ஆயிரம் இழைகள் பிரியாமல் ஒட்டி நிற்பதால் பருத்து, கருமையும் வெண்மையுமாகப் பட்டை பட்டையாய்க் கிடக்கின்றன. சில பட்டைகள் மயிரிழை, சில தடித்த கரை. நல்ல நெசவுச் சேலையின் முந்தானைதான்.

இன்னும் சற்று உற்றுப் பாருங்கள். அதோ, ஓரிடத்தில் ஒரு வளையம். தாய் தந்த குரோமோசோம் சரத்தில் பட்டை வரிசை அ ஆ இ ஈ உ ஊ. தந்தை தந்ததிலோ நடுத்துண்டு அறுந்து, திரும்பி ஒட்டிக்கொண்டதால் அ உ ஈ இ ஆ ஊ. ஒத்த பட்டை ஒத்த பட்டையோடுதான் சேரும். அந்தப் பிடிவாதம் தளராது. ஆகவே ஒரு சரம் சுழித்து வளைகிறது. மற்றது எதிர்த்திசையில் வந்து அதன்மேல் படிகிறது. ஆவோடு ஆ, ஈயோடு ஈ. ஒரு பட்டைகூடப் பிசகாத அந்த அணைப்பை எத்தனை முறை பார்த்தாலும் கண் விலக மறுக்கிறது.

இத்தகைய திருப்பம் ஒன்றைக் கண்ணால் காணாமலே 1921இல் கண்டு சொன்னவர் மரபியலர் ஸ்டர்டிவண்ட். இரண்டு ஈ இனங்களின் மரபணு வரிசைகளை ஒப்பிட்டே அதைப் பிடித்தார். என்ன நுட்பமான மனம்! 1930களில் கலிபோர்னியாவின் பாசடீனாவில் அவரோடு கைகோத்த மரபியலர் டாப்ஷான்ஸ்கியோ மலைமலையாக அலைந்து, புளித்த வாழைப்பழ வாசத்தால் காட்டு ஈக்களை அழைத்தவர். சூடோஅப்ஸ்க்யூரா என்னும் ஈ இனத்தின் மூன்றாம் குரோமோசோமில் அவர்கள் கண்ட அமைப்புகளின் பெயர்களே அழகு: பைக்ஸ் பீக், சிரிகாவா, சான்டா குரூஸ். ஈ அகப்பட்ட மண்ணின் பெயரே சரத்துக்கும் பெயர். சான் ஜாசின்டோ மலையில் வசந்தத்தில் சிரிகாவா பெருகும், ஸ்டாண்டர்ட் என்னும் அமைப்பு குறையும். கோடையில் ஸ்டாண்டர்ட் மறுபடி தலைதூக்கும். பருவத்தோடு சரங்களும் மாறுவதைப் பின்னாளில் டாப்ஷான்ஸ்கி எண்ணியே காட்டினார்.

எனக்கு எல்லாவற்றிலும் இனியது அவர்கள் வரைந்த வம்சாவளி. ஒரு திருப்பத்தின் எல்லைக்குள் இன்னொன்றின் முனை விழுந்திருந்தால், முதல் அமைப்பிலிருந்து மூன்றாவதற்கு ஒரே தாவலில் போக முடியாது. இடையில் நின்றது எது என்று பட்டைகளே சொல்லிவிடும். அப்படிக் கண்ணி கண்ணியாகக் கோத்து வந்தபோது, ஸ்டாண்டர்டுக்கும் சான்டா குரூஸுக்கும் நடுவே ஒரு கண்ணி மட்டும் அகப்படவில்லை. இருவரும் பதறவில்லை, இட்டுக்கட்டவும் இல்லை. அதன் பட்டை வரிசை எப்படி இருந்திருக்கும் என்று கணித்து, ஹைப்போதெட்டிகல், அதாவது 'கருதப்பட்டது', என்று பெயரிட்டு, படத்தில் அதற்குரிய இடத்தில் எழுதிவைத்தார்கள்.