சன்னத்தின் முனை

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியின் பேச்சுவழக்கில் துவக்கின் குண்டு ‘சன்னம்’ எனப்படும். நுண்மையையும் குறிக்கும் அச்சொல்லுக்கேற்ப, அதன் நேர்த்தி முனையின் நுண்ணிய அமைப்பிலேயே தங்கியுள்ளது. 1890களில் கல்கத்தாவை அடுத்த டம் டம் படைக்கலச்சாலையில், உலோக உறையின் நுனியில் ஈயம் வெளித்தெரியுமாறு செய்யப்பட்ட .303 சன்னம் உடலிற் பட்டதும் விரிந்தது. இத்தகையவற்றை 1899ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் போரில் விலக்கியபோதும், விலங்கை விரைவில் வீழ்த்தி அதன் வேதனையைக் குறைப்பதால் வேட்டையில் அவை நிலைத்தன. வேகம் குறைந்த கைத்துப்பாக்கியிற் சுட்டாலோ, முனையிற் குழியுள்ள வகையில் அக்குழி மயிராலோ எலும்புத்துகளாலோ அடைபட்டாலோ சன்னம் விரியாமற் போகக்கூடுமாதலால், விரிவை நம்பாது ஆழ ஊடுருவும் தட்டைமுனைக் கடினவார்ப்பை, அதாவது வெள்ளீயமும் அந்திமனியும் சேர்த்து இறுக்கிய ஈயத்தை, பெருவிலங்கு வேட்டைக்குப் பலர் விரும்புவர். எப்போதும் ஒரேவிதமாக இயங்கும் அவ்வெளிமையே சன்னம் வார்க்கும் கைவினையின் அழகாகும்.